குப்பைத் தொட்டி யார் கண்ணுக்கு அசிங்கம்?

ஒரு தெருவின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அத்தெருவிலுள்ள கோவிலையோ, மாடி வீடுகளையோ பார்த்து ஏமாந்துவிட வேண்டியதில்லை. அத்தெருவாரின் குப்பைத் தொட்டி எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, அது என்ன நிலையில் இருக்கிறது, அதைக் கண்டு அவர்கள் என்ன பேசிக்கொள்ளுகிறார்கள் என்கின்ற மூன்று சங்கதிகளை மாத்திரம் கவனித்தால் போதுமானது. அவர்களுடைய படிப்பும், பக்தியும், ஜாதிப் புத்தியும் அதில் தானாகவே விளங்கிவிடும். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. சென்ற மாதத்தில் நாம் குடியிருக்கும் தெருவிலே நடந்த ஒரு காரியம்தான் நம்மை இதை எழுதும்படி செய்தது.

மகஜர்

நமது தெரு முகப்பில் முனிசிபாலிட்டியார் ஒரு குப்பைத் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதை அப்புறப்படுத்த வேண்டுமென்று ஒரு மகஜர் தயாரித்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். தொட்டியானது பார்வைக்கு அருவருப்பாயிருக்கிறதென்றும், கோவிலுக்குப் போவோருக்கு அபசகுனமாயிருக்கிறதென்றும், பெண் பார்க்க வருகிற சம்பந்திகள் முகத்தைச் சுளிக்கிறார்களென்றும், ஆகையால் அதை வாய்க்காலுக்கு அப்பால் “காலியாயுள்ள பொது இடத்தில்” வைக்க வேண்டுமென்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் சாஸ்திரிகள் கையெழுத்து இருந்தது. அரிசி மண்டிக்காரர் கையெழுத்து இருந்தது. பென்ஷன் வாங்கும் உபாத்தியாயர் கையெழுத்தும் இருந்தது. இவைகளைக் கண்டு நாம் ஆச்சரியப்படவில்லை. ஆனால் நமது கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகின்ற இரண்டு தோழர்களின் கையெழுத்தும் அதிலே இருந்ததைக் கண்டுதான் நாம் சிறிது நேரம் பேசாமல் நிற்க வேண்டியதாயிற்று.

“வாய்க்காலுக்கு அப்பால் காலியிடம் எங்கே இருக்கிறது? அங்கே ஆதிதிராவிடர்களும் அருந்ததியர்களும் அறுபது வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்களே” என்று மகஜர் கொண்டுவந்தவரைக் கேட்டோம். அதற்கு அவர் சிறிதும் தயங்காமல், “அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே ஐயா” என்றார்.

தோழர்களே! “பழக்கம்” என்கின்ற அந்த ஒரு வார்த்தையிலே மனுதர்மம் முழுவதும் அடங்கிக் கிடக்கவில்லையா என்று கேட்கின்றோம். அறுபது குடும்பம் வாழ்கின்ற இடம் இவர்கள் கண்ணுக்குக் காலியிடமாகத் தெரிகிறது. ஒரு தகரத் தொட்டி மாத்திரம் கண்ணை உறுத்துகிறது. ஆகவே கோளாறு தொட்டியிலே இருக்கிறதா, கண்ணிலே இருக்கிறதா என்பதை நாம் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டாமா?

தொட்டி எப்படி அசிங்கமாகிறது?

இதைப் பிரத்தியட்சமாகப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் காலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை நாம் தொட்டிக்கு எதிரேயுள்ள டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து கவனித்தோம். வருகிறவர்களில் அநேகர் குப்பையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் தொட்டிக்குப் பத்தடி தூரத்திலேயே நின்றுகொண்டு, மூக்கைத் துண்டால் மூடி, பையைச் சுழற்றி வீசினார்கள். சில பைகள் உள்ளே விழுந்தன. மற்றவை தொட்டியின் விளிம்பில் மோதிக் கிழிந்து, சோறும் குழம்பும் வெளியே சிந்தின. வீசினவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் நாய்கள் வந்தன, மாடு வந்தது, மழை தூறி எல்லாவற்றையும் ரோட்டிலே இழுத்துவிட்டது. எட்டு மணிக்கு அதே மனிதர்கள் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அவ்வழியாகக் கோவிலுக்குப் போகும்போது, “சீ! முனிசிபாலிட்டிக்காரன் எவ்வளவு அசிங்கமாக வைத்திருக்கிறான்” என்று பேசிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தொட்டிக்கு ஆதியில் மூடி இருந்தது. அதைத் தொட்டுத் தூக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே குப்பை மூடியின்மேலேயே குவிந்தது. முனிசிபாலிட்டி மேஸ்திரி பார்த்தார். மூடியைத் திறந்து பின்பக்கமாகக் கட்டிவைத்தார். பிறகு மூடியே காணாமற் போய்விட்டது. மூடியில்லாததால் ஈயும், நாற்றமும், எலியும் வந்தன. இவ்வளவுதான் கதை. தொட்டியின் அசிங்கம் அந்தப் பத்தடி தூரத்திலே உற்பத்தியானதேயொழிய, தகரத்திலே உற்பத்தியானதல்ல.

பத்தடி தூரம் எங்கிருந்து வந்தது? “எட்டி நில்” என்று மனிதனைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொடுத்த அதே சாஸ்திரத்திலிருந்துதான் வந்தது. வீட்டுக்குள் இருக்கிறவரையில் அது கத்தரிக்காய்க் காம்பு, வெங்காயத் தோல், சாப்பிட்ட இலை. நமது வீட்டுப் பெண்கள் அதைக் கையால்தான் அள்ளுகிறார்கள், கை அழுகிப்போய்விடவில்லை. வாசற்படியைத் தாண்டியவுடனே அதற்குத் தீட்டு வந்துவிடுகிறது. பசுமாட்டின் சாணியைக் கரைத்து வாசலில் தெளிப்பவனுக்கு, தொட்டியின் மூடியைத் தொட்டால் கை கெட்டுப்போகுமாம்! சாணி கழிவல்லவா? அதை மங்களமென்று எவனோ சொல்லிவைத்தான். இதை இழிவென்று எவனோ சொல்லிவைத்தான். இரண்டையும் கேள்வி கேட்காமல் நம்பினோம். சுத்தம் வேறு, மடி வேறு என்கின்ற சாதாரண அறிவுகூட நமக்கு வளரவில்லை. சோப்புக் கொண்டு கை கழுவினால் போகக்கூடியது அழுக்கு. எத்தனை முறை கழுவினாலும் போகாததென்று சொல்லப்படுவது ஜாதி.

காவற்காரக் கடவுள்

நிற்க, தொட்டிக்குப் பக்கத்திலுள்ள மதிற்சுவரில் குப்பை வீசுவதைத் தடுப்பதற்காக அவ்வட்டாரத்தார் ஒரு யுக்தி செய்தார்கள். பிள்ளையார் படமும், சிலுவைப் படமும், மசூதிப் படமும் போட்ட ஓடுகளை வரிசையாகப் பதித்தார்கள். இந்த யுக்தி இப்பொழுது நாடெங்கும் இருக்கிறது. மூத்திரம் பெய்வதைத் தடுக்கச் சுவர்களில் கடவுள் படம் ஒட்டுவதை நிறுத்த வேண்டுமென்று டில்லி ஹைகோர்ட்டிலே வழக்குப் போட்டு, அது 2022 டிசம்பரில் தள்ளுபடியும் ஆயிற்று.

அண்ட சராசரங்களைப் படைத்துக் காப்பதாகச் சொல்லப்படுகிற கடவுளுக்கு, முனிசிபாலிட்டி பியூன் வேலை கொடுத்தது பக்தர்கள்தானேயொழிய நாமல்ல. அதுவும் சம்பளமில்லாத வேலை! அந்த வேலையாவது ஒழுங்காக நடந்ததா என்றால், அதுவுமில்லை. குப்பை அந்தச் சுவரைவிட்டு இருபதடி தள்ளி, படமில்லாத சுவரின் அடியில் விழுந்தது. ஒரு கைப்பிடிக் குப்பையாவது குறையவில்லை.

ஆனாலும் இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நம் ஜனங்களுக்குக் குப்பையை இடமறிந்து போட முடியாதென்பது பொய். படத்தைக் கண்டவுடன் கை நிற்கிறதல்லவா? அப்படியானால் நிறுத்த முடியும் என்றுதான் அர்த்தம். ஓட்டிலே எழுதிய பொம்மைக்காக நிற்கின்ற கை, அதை நாளைக் காலையில் அள்ளப்போகிற உயிருள்ள மனுஷிக்காக நிற்கவில்லை என்பதுதான் வெட்கப்பட வேண்டிய சங்கதி.

வர்ணம்

இன்னும் சிலர் தொட்டிக்குப் பூவும் கொடியும் எழுதி வர்ணம் தீட்டினால் அழகாகிவிடும் என்கிறார்கள். வர்ணம் வேண்டியதுதான். ஆனால் அது எதற்காக ஏற்பட்டது? 2000-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் போட்ட விதிகளில், மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டியென்றும், மறுபடியும் உபயோகப்படக்கூடியதற்கு வெள்ளைத் தொட்டியென்றும், மற்றவைகளுக்குக் கறுப்புத் தொட்டியென்றும் சொல்லப்பட்டது. பின்னால் பச்சையும் நீலமுமாக ஜோடித் தொட்டிகள் ஊரூராக வந்தன. எழுத்தறியாதவர்களும் எதை எதிலே போடுவது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏற்பட்ட ஏற்பாடு அது. நம்மவர்களுக்கோ வர்ணம் என்றால் நான்கு வர்ணம் மாத்திரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பச்சைத் தொட்டியில் பிளாஸ்டிக்கையும், நீலத் தொட்டியில் பழைய சோற்றையும் போட்டுவிட்டு, பெயிண்ட் உதிர்ந்துவிட்டதென்று வருத்தப்படுகிறார்கள்.

நாற்றத்தின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. நமது நாட்டு நகரங்களின் குப்பையில் சுமார் பாதி, மக்கக்கூடிய காய்கறிக் கழிவும் சோறும் இலையும்தான். காற்றுப் பட மக்கினால் அது எருவாகும். அதையே பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கட்டினால், காற்றில்லாமல் அழுகி நாறும். ஆகவே நாற்றத்தை முடிச்சுப் போட்டுத் தயாரிப்பது நமது சமையற்கட்டு. பழி மாத்திரம் தொட்டியின் தலையில்.

வெளிநாட்டுச் சங்கதி

தொட்டியைக் கண்டு முகஞ்சுளிப்பது நமது நாட்டில் மாத்திரம் உள்ளதல்ல. பாரிஸ் நகரத்தில் பூபெல் என்கின்ற அதிகாரி 1883 நவம்பரில், வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் மூடியுள்ள தொட்டி வைத்தாக வேண்டுமென்றும், அழுகுவது ஒன்றில், காகிதமும் கந்தையும் ஒன்றில், கண்ணாடியும் ஓட்டுச் சில்லும் சிப்பியும் ஒன்றில் என்று பிரித்துப் போட வேண்டுமென்றும் உத்தரவு போட்டார். வீட்டுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. குப்பை பொறுக்கிப் பிழைத்த ஏழைகள் தங்கள் வயிற்றில் அடிக்கிறதென்று எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. கடைசியில் கேலிக்காகத் தொட்டிக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்றைக்கும் பிரெஞ்சு பாஷையில் குப்பைத் தொட்டிக்குப் “பூபெல்” என்றுதான் பெயர். ஆனால் எந்தத் தொட்டியைக் கண்டு முகஞ்சுளித்தார்களோ, அது இல்லாமல் இன்று அவர்களால் ஒரு நாளும் இருக்க முடியாது. பழக்கம் மாறக்கூடியது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மற்றொரு சங்கதி அமெரிக்காவிலுள்ள மெம்பிஸ் நகரத்தில் நடந்தது. அங்கே குப்பைத் தொட்டிகள் வீட்டுக் கொல்லைகளில் இருந்தன. குப்பை எடுப்பவர்கள் அநேகமாக எல்லோரும் கறுப்பு மக்கள். அவர்கள் கொல்லைக்குப் போய்க் குப்பையை ஓட்டைத் தொட்டிகளில் கொட்டித் தலையிலும் தோளிலும் சுமந்து, கசிகின்ற நீர் உடம்பெல்லாம் வழிய, தெருவிலுள்ள வண்டிக்குக் கொண்டுவர வேண்டும். 1968 பிப்ரவரி 1-ந் தேதி மழைக்கு வண்டிக்குள் ஒதுங்கிய இரண்டு தொழிலாளிகள் அந்த வண்டியின் யந்திரத்திலேயே நசுங்கி மாண்டார்கள். அதே மாதத்தில் சுமார் 1,300 தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கையில் பிடித்த அட்டைகளில் “நான் ஒரு மனிதன்” என்பது மாத்திரம்தான் எழுதியிருந்தது. அவர்களுக்கு உதவியாக அங்கே சென்றபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

நமது ஊர்களிலும் எடுப்புக் கக்கூஸ் காலத்தில், வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து விட்டு வீடு கட்டினார்கள். மலம் எடுப்பவர் வருவதும் தெரியக்கூடாது, போவதும் தெரியக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட சந்து அது. அங்கே நிறம், இங்கே ஜாதி. இரண்டு இடத்திலும் சுத்தம் வேண்டியிருக்கிறது. சுத்தம் செய்கிறவனுடைய முகம் மாத்திரம் வேண்டியதில்லை.

யாரைக் கேட்பது?

தொட்டியின் அழகைப்பற்றி மகஜர் எழுதினவர்கள் நாற்பத்து மூன்று பேரைக் கேட்டார்கள். அதைத் தினமும் காலி செய்கிற அம்மாளைக் கேட்கவில்லை. ஆகவே நாம் கேட்டோம். பத்தொன்பது வருஷமாக இந்த வேலை செய்கிறவர். முதலில் சிரித்தார். பிறகு சொன்னார்:

“தொட்டி இடுப்பு உயரம் இருந்தாப் போதும் சார். தலைக்கு மேலே இருந்தா நான் எப்படி அள்ளுறது? சக்கரம் ஓடணும். கண்ணாடிச் சில்லைக் காகிதத்திலே சுத்தித் தனியா வச்சாப் புண்ணியமாப் போகும். இந்தக் கையைப் பாருங்க. பூப்போட்டு வர்ணம் அடிச்ச காசுக்கு ரெண்டு ஜோடி நல்ல கையுறை வாங்கிக் குடுத்திருக்கலாம்.” கொஞ்சம் பொறுத்து, “தொட்டி அசிங்கமா இருக்குன்னு சொல்றாங்க சார், சொல்றப்போ என்னைத்தான் பார்க்கிறாங்க” என்றார்.

இதற்கு நம்மிடம் பதிலில்லை. சர்க்கார் துப்புரவுத் தொழிலாளி என்றிருந்ததைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றி, மரியாதையான பெயர் கொடுத்தது. பெயரை மாற்றியது நல்லதுதான். பார்வை மாறவில்லையானால் அது தொட்டிக்குப் பெயிண்ட் அடித்த கதையாகத்தான் முடியும். தங்கள் வட்டாரத்து வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுக்கக்கூடாதென்று 2025 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் 13-ந் தேதி நள்ளிரவு வரை இந்தத் தொழிலாளிகள் சென்னை ரிப்பன் கட்டிடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்து, கடைசியில் போலீசாரால் அப்புறப்படுத்தப்பட்டார்கள். தொட்டி நிரம்பி வழிந்தால் மகஜர் எழுதத் தெரிந்த ஜனங்களில் எத்தனை பேர் அவர்களுக்காக ஒரு கார்டாவது எழுதிப் போட்டார்கள்?

தொட்டியை எடுத்துவிட்டால்?

“இப்பொழுது வீட்டுக்கு வீடு வண்டி வருகிறதே, தொட்டியே எதற்கு?” என்று கேட்கலாம். வண்டி ஒழுங்காக வந்து, குப்பையும் பிரித்துக் கொடுக்கப்படுமானால் தெருவில் தொட்டியே வேண்டியதில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் வண்டி வருவதற்கு முன்னால் வேலைக்குப் போய்விடுகிற கூலிக்காரி என்ன செய்வாள்? வண்டி நுழையாத சந்திலே இருப்பவன் என்ன செய்வான்? இவர்களுக்கு வழி செய்யாமல் தொட்டியை மாத்திரம் தூக்கிவிட்டால், தொட்டி இருந்த இடம் வெறும் குப்பைமேடாகிறதைப் பல ஊர்களில் பார்க்கிறோம்.

அன்றியும் நம் கண்ணுக்கு மறைந்த குப்பை உலகத்தைவிட்டு மறைந்துவிடுகிறதா? சென்னையில் நாளொன்றுக்கு சுமார் 5,000 டன் குப்பை சேருகிறது. அதில் பெரும் பகுதி கொடுங்கையூரிலும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியிலும் வருஷக்கணக்காகக் கொட்டப்பட்டு மலையாக எழுந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றிப் புகைந்தபோது, அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் யார்? அந்தப் பக்கத்து ஜனங்கள்தானே! நமது தெருவார் வாய்க்காலுக்கு அப்பால் தொட்டியைத் தள்ளப் பார்ப்பதும், ஒரு நகரம் தன் குப்பையை ஏழைகள் பக்கம் தள்ளுவதும் ஒரே புத்தியின் சிறிய உருவமும் பெரிய உருவமுமாகும்.

நாம் செய்ய வேண்டியது

நாற்றமெடுக்கிற தொட்டியை யாரும் ரசிக்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. ஈயும் எலியும் வியாதியைக் கொண்டுவரும் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை வாய்க்காலுக்கு இப்பால் மாத்திரம் செல்லுபடியாகுமா? அங்குள்ள குழந்தைகளின் வயிறு வேறு வயிறா? சுகாதாரம்தான் காரணமென்றால், தினமும் இருமுறை காலி செய், மூடி போடு, காலால் மிதித்தால் திறக்கும்படி செய், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வை என்றல்லவா மகஜர் போக வேண்டும்?

நமது தோழர்களுக்குச் சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான். மக்குவதையும் மக்காததையும் வீட்டிலேயே பிரியுங்கள். உபயோகித்த நாப்கின்களையும் குழந்தைகளின் கழிவுத் துணிகளையும் தனியாகச் சுற்றிக் கொடுங்கள். இது 2016-ஆம் வருஷத்து விதிகளிலேயே சொல்லப்பட்டுவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் போய், மூடியை உங்கள் கையாலேயே திறந்து, உள்ளே போட்டு மூடுங்கள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவுங்கள். புதுத் தொட்டி வாங்குவதற்கு முன் அதைக் காலி செய்யப்போகிறவரைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கும்படி உங்கள் கவுன்சிலரை வற்புறுத்துங்கள். தொட்டி ஒருவருக்கும் பிடிக்காத பாரமானால், அதை மூன்று மாதத்துக்கு ஒரு வீட்டு வாசலாக முறைவைத்து எல்லோரும் சுமப்போம். முறை பெரிய வீட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

இது சுலபமென்று நாம் பொய் சொல்லமாட்டோம். முதல் நாள் மூடியைத் தூக்கும்போது நமது கையே கூசியது. இருபது வருஷமாக மேடையேறித் தீண்டாமை ஒழிப்புப் பேசின கை அது! ஜாதி மூளையைவிட்டுப் போன பிறகும் விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது. மூன்றாம் நாள் கூச்சம் போய்விட்டது. முதல் மூன்று மாதத்துக்குத் தொட்டியை நமது வாசலில் வைத்துக்கொள்ளலாமென்று முனிசிபாலிட்டிக்கு எழுதிக் கொடுக்க, நமது வீட்டுப் பெண்களிடம் சம்மதம் வாங்க ஒரு வாரம் பிடித்தது. “மூடி போட்டுத் தினமும் எடுப்பதானால் வையுங்கள், எடுக்காவிட்டால் முதல் சண்டை உங்களோடுதான்” என்ற நிபந்தனையின்பேரில் கிடைத்தது. அது நியாயமான நிபந்தனை.

மகஜரில் கையெழுத்துப் போட்ட நமது தோழர்கள் இருவரில் ஒருவர் தன் பெயரை அடித்துவிட்டார். மற்றவர் யோசித்துச் சொல்லுவதாகச் சொல்லியிருக்கிறார். மகஜர் இன்னும் முனிசிபாலிட்டியின் முன்னால்தான் இருக்கிறது. அவருக்கும், அவரைப்போல் ஒவ்வோர் ஊரிலும் யோசித்துக்கொண்டிருக்கிற தோழர்களுக்கும் நாம் ஒன்றே ஒன்று சொல்லி இதை முடிக்கின்றோம். கோவிலுக்குள் எல்லோரும் போக வேண்டுமென்று கேட்டோம். தெருவில் எல்லோரும் நடக்க வேண்டுமென்று கேட்டோம். கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுக்க வேண்டுமென்று கேட்டோம். குப்பைத் தொட்டியும் எல்லோருடைய வாசலிலும் இருக்கலாம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லையானால், முன்னே கேட்டதெல்லாம் வாய்ப்பேச்சாகிவிடாதா? யோசித்துப் பாருங்கள். சீக்கிரம் யோசியுங்கள்.